அதெல்லாம் பரவாயில்லை

"உங்க அண்ணன் பரவாயில்லைன்னு சொன்னா, நல்லா இருக்குன்னு அர்த்தமா, நல்லா இல்லைன்னு அர்த்தமா?"

கல்யாணமாகி வந்த புதிதில் அண்ணி பாப்பாவிடம் கேட்ட முதல் கேள்வி இதுதான். சமையலறைக் கதவைப் பாதி சாத்திவிட்டு, கையில் கரண்டியோடு, ஏதோ குடும்ப ரகசியம் விசாரிப்பதுபோல் கேட்டாள். சாப்பாடு எப்படி இருக்கிறது என்று கேட்டாளாம், பரவாயில்லை என்றாராம். புதுச் சட்டை பிடித்திருக்கிறதா என்றாளாம், அதற்கும் பரவாயில்லை. கதவிடுக்கில் விரல் நசுங்கிவிட்டதே என்று பதறி ஓடினாளாம், அதற்கும் அதே பரவாயில்லை.

"ஒரே ஒரு வார்த்தையை வெச்சுக்கிட்டு இந்த மனுஷன் எப்படிக் குடும்பம் நடத்தப் போறாரு?"

பாப்பாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. கடைக்குட்டி என்பதால் பிறந்ததிலிருந்து எல்லாருக்கும் அவள் பாப்பா. வயது ஏறியும் அந்தப் பேர் இறங்கவில்லை. அண்ணனைப் பற்றி யார் எதைக் கேட்டாலும் பதில் சொல்லும் உரிமை தனக்குத்தான் என்று அவளுக்கு ஒரு கர்வம் உண்டு. சமையல் மேடையில் ஏறி உட்கார்ந்து பாடம் நடத்த ஆரம்பித்தாள்.

"தலையை ஆட்டிக்கிட்டே சொன்னா நிஜமாவே நல்லா இருக்கு அண்ணி. மூக்கைத் தேய்ச்சுக்கிட்டே சொன்னா நல்லா இல்ல, உங்களுக்காகப் பொறுத்துக்கிறான்."

"சட்டைக்கு மூக்கைத்தானே தேய்ச்சாரு!"

"அப்ப பிடிக்கல."

"அடப்பாவி மனுஷா! அதைப் போட்டுக்கிட்டா ரெண்டு நாளா சுத்தினாரு?"

"இன்னொண்ணு இருக்கு, அதுதான் முக்கியம். முன்னாடி 'அதெல்லாம்' சேர்த்து 'அதெல்லாம் பரவாயில்லை'ன்னு சொன்னா மட்டும் விடாதீங்க. எதையோ மறைக்கிறான்னு அர்த்தம்."

அண்ணி கரண்டியைக் காற்றில் ஆட்டி, "தலை, மூக்கு, அதெல்லாம்" என்று மனப்பாடம் செய்துகொண்டாள். நல்ல மாணவி. ஒருநாளும் மறக்கவில்லை.

அண்ணன் பெயிண்ட் அடிப்பவன். அதிலும் கூரைக்காரன். சுவர் அடிக்க ஆள் எங்கும் கிடைக்கும். மடக்கு ஏணியின் உச்சிப் படியில் நின்று, அண்ணாந்து, தன் முகத்தில் ஒரு சொட்டு விழாமல் கூரை முழுக்க ஒரே சீராக ரோலர் ஓட்டுகிறவன் தேடினாலும் அகப்பட மாட்டான். ஓர் இடம் முடிந்ததும் மற்றவர்கள் இறங்கி, ஏணியைத் தள்ளிப் போட்டுவிட்டு, மறுபடி ஏறுவார்கள். அண்ணனுக்கு அந்தப் பொறுமை கிடையாது. மேலே நின்றபடியே இடுப்பை ஒரு வெட்டு வெட்டி, நுனிக்கால்களால் ஓர் எம்பு எம்புவான். ஏணி ஒட்டகம் மாதிரி கால் மாற்றிக் கால் வைத்துத் தானாக நடக்கும். ஆபத்தான பழக்கம்தான். ஆனால் சின்ன வயதில் பாப்பா அழுதால் அவளைச் சிரிக்க வைக்க அவன் கூடத்தில் ஏணியைக் கொண்டுவந்து நடத்திக் காட்டுவான். கண்ணீர் கன்னத்தில் இருக்கும்போதே அவள் கைதட்டுவாள்.

படித்து பிசியோதெரபிஸ்ட் ஆனதும் அவனுக்கு ஏதாவது செய்தே தீருவது என்று அவள் கிடந்து தவித்தாள். அவன் பிடிகொடுத்தால்தானே? ஆசையாக வாங்கிக் கொடுத்த கைக்கடிகாரம், பெயிண்ட் பட்டுவிடும் என்று டப்பாவிலேயே தூங்கியது. நல்ல மெத்தை வாங்கித் தரட்டுமா என்றால் பரவாயில்லை. எங்கேயாவது நாலு நாள் போய் வருவோமா என்றால் பரவாயில்லை. கொடுப்பதற்கு அவள் கையில் எவ்வளவோ இருந்தது. வாங்கிக்கொள்ள அவன் கை நீட்டவே இல்லை.

அதனால், ஒரு சாயங்காலம் கிளினிக் மாடிப்படியில் ஒரு காலை ஊன்றி மறு காலை இழுத்து அவன் ஏறி வந்தபோது, அவளுக்கு வருத்தத்துக்கு முன்னால் சந்தோஷம்தான் வந்தது. கடைசியில் அண்ணன் தன்னிடம் ஒன்றைக் கேட்டு வந்துவிட்டான். பின்னாளில் அவள் நினைத்து நினைத்துக் குன்றிப்போனது இந்தச் சந்தோஷத்துக்காகத்தான்.

"கால் வலிக்காரங்க வர்ற இடத்தை மாடியில வெச்ச புண்ணியவான் யாரு பாப்பா?" என்றான், வாசலைப் பிடித்துக்கொண்டு.

"ஏறி வர்றவங்களுக்குப் பாதி சிகிச்சை படியிலயே முடிஞ்சிடும்னு வெச்சிருக்கு. வா, உட்காரு."

கிளினிக் என்றால் மருந்துக்கடைக்கு மேலே இரண்டு அறை. முன்னறையில் நாற்காலிகள், பின்னறையில் திரை போட்ட மூன்று கட்டில்கள். அண்ணன் வலது காலைத் தூக்கி அவள் மடியில் வைத்தான். கணுக்காலில் காய்ந்த வெள்ளைப் பெயிண்ட் பொட்டுப் பொட்டாக இருந்தது. குதிகாலுக்குக் கொஞ்சம் மேலே, கயிறு மாதிரி ஓடும் இடத்தில், அவள் விரலுக்கு ஒரு புடைப்பு தட்டுப்பட்டது. லேசாக அழுத்தினாள். அவன் கால் விரல்கள் மடங்கின.

"எவ்வளவு நாளா?"

"கொஞ்ச நாளா. காலையில எழுந்து முதல் அடி வெச்சா உயிர் போகுது. நடக்க நடக்கச் சரியாயிடும். நரம்பு பிசகியிருக்கும்."

"நரம்பு இல்ல அண்ணா, தசைநாண். கெண்டைக்கால் சதையைக் குதிகாலோட கட்டி வெச்சிருக்கிற கயிறு. ஏணிப் படியில நுனிக்கால்ல நின்னே அதை நைஞ்சுபோக விட்டிருக்கே. பத்துக்கு எவ்வளவு வலி?"

"பரீட்சையா? பாஸ் மார்க் போட்டுக்கோ."

அவன் வந்ததற்குக் காரணம் வலி மட்டுமில்லை. பள்ளிக்கூட மண்டபம் ஒன்றின் கூரை வேலை வந்திருந்தது. பள்ளி திறப்பதற்குள் முடிக்க வேண்டும். அவன் நொண்டுவதைப் பார்த்த காண்டிராக்டர், "நீ கீழே நின்னு பெயிண்ட் கலக்கிக் கொடுப்பா, மேலே வேற ஆளை ஏத்திக்கிறேன்" என்று சொல்லிவிட்டாராம். அதைச் சொல்லும்போது அண்ணன் முகம் தொங்கிப்போயிற்று. இத்தனை வருஷம் மேலே நின்றவனைக் கீழே நிற்கச் சொன்னால் எப்படி?

"பாப்பா, நான் ஏணி ஏறணும். அவ்வளவுதான். அதுக்கு என்ன பண்ணணுமோ பண்ணு."

ஓய்வும் பயிற்சியும் மட்டும் போதும் என்று அவள் சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு வெறுமனே வீட்டுக்கு அனுப்ப மனம் வரவில்லை. மூலையில் உறை போட்டு வைத்திருந்த ஷாக்வேவ் கருவியை உருட்டிக்கொண்டு வந்தாள்.

"ஷாக்கா? கரண்ட் வெப்பியா?"

"கரண்ட் இல்ல, அடி. சின்னச் சின்ன அதிர்வு. பழைய காயத்தை உடம்பு ஒரு கட்டத்துல கண்டுக்காம விட்டுடும். இது போய்க் கதவைத் தட்டி, 'இன்னும் இங்க வேலை பாக்கி இருக்கு, எழுந்து வா'ன்னு சொல்லும். அப்புறம் உடம்பே பார்த்துக்கும். உடனே தெரியாது, வாரக்கணக்கு ஆகும். கூடவே நான் சொல்ற பயிற்சியையும் செய்யணும்."

"கதவைத் தட்டி எழுப்புறதுன்னா உங்க அண்ணி மாதிரின்னு சொல்லு."

"அண்ணிகிட்ட சொல்றேன் இரு. மரத்துப்போற மருந்து எதுவும் போட மாட்டேன், தெரிஞ்சுக்கோ. எங்க வலிக்குது, எவ்வளவு வலிக்குதுன்னு நீ சொல்லிக்கிட்டே இருக்கணும். நீ சொல்றதை வெச்சுத்தான் நான் கூட்டுறதும் குறைக்கிறதும்."

அந்தச் சிகிச்சையே படுத்திருப்பவரின் வாயை நம்பி நடப்பது. அவள் அண்ணனைவிட மோசமான நோயாளி அதற்கு வாய்க்க முடியாது. அது அவளுக்கு அப்போது உறைக்கவில்லை.

கட்டிலில் குப்புறப் படுக்கச் சொன்னாள். தலைமாட்டில் முகம் வைக்க ஒரு வட்டமான ஓட்டை உண்டு. அண்ணன் முகம் அதற்குள் போய்விட்டது. இனி அவள் கண்ணுக்குப் பட்டது பிடரியும் முதுகும் கால்களும்தான்.

தொடங்குவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்விகள் சுவரில் ஒட்டியிருந்தன. வெளியாட்களிடம் அவள் ஒவ்வொன்றாகக் கேட்டு, ஆமா அல்லது இல்லை என்ற சொல் காதில் விழும்வரை அடுத்ததற்குப் போக மாட்டாள். சுற்றி வளைப்பவர்களிடம், "ஆமாவா, இல்லையா, ஒண்ணு சொல்லுங்க" என்று வாத்தியார் போல் நிற்பாள். இது அண்ணன். கேள்வியும் அவளே, பதிலும் அவளே.

"ரத்தம் உறையாம இருக்க மாத்திரை, இல்ல. சர்க்கரை, இல்ல. கர்ப்பமா இருக்கியா?"

ஓட்டைக்குள்ளிருந்து, "ஆறு மாசம்" என்று குரல் வந்தது.

பக்கத்துத் திரைக்குப் பின்னால் முட்டிக்கு ஒத்தடம் வைத்துக்கொண்டிருந்த அம்மாள் குலுங்கிச் சிரித்தாள். பாப்பாவுக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்துக்கொண்டே ஜெல்லைப் பிதுக்கித் தடவினாள். சிரித்துக்கொண்டே கடைசிக் கேள்வியைக் கேட்டாள்.

"அந்த இடத்துல ஊசி கீசி எதுவும் போட்டுக்கலையே?"

"அதெல்லாம் பரவாயில்லை பாப்பா, நீ ஆரம்பி."

அவள் விரல் பொத்தானை அழுத்திவிட்டது.

கிளினிக்குக்கு வருகிறவர்கள் அந்தக் கருவிக்கு மரங்கொத்தி என்று பேர் வைத்திருந்தார்கள். டக டக டகவென்று அதே சத்தம். முதல் சில அடிகளில் அண்ணன் முதுகு விறைத்தது. அவள் கருவியின் முனையை மேலும் கீழும் நகர்த்தி, "இங்கயா? இன்னும் கீழயா?" என்று சத்தத்துக்கு மேல் கத்திக் கேட்டாள்.

"அங்கதான்."

"பரவாயில்லையா?"

"பரவாயில்லை."

பொறுக்க முடிகிறது என்று எடுத்துக்கொண்டு ஒரு புள்ளி கூட்டினாள். கால் விரல்கள் விரிப்பைக் கவ்விப் பிடித்தன. எல்லாருக்கும் அப்படித்தான் கவ்வும்.

வாரம் ஒரு தடவை வந்தான். மரங்கொத்தி கொத்தியது, அவன் பரவாயில்லை என்றான், அவள் கூட்டினாள். வீட்டில் படி விளிம்பில் நின்று குதிகாலை ஏற்றி இறக்கும் பயிற்சியை ஒழுங்காகச் செய்கிறானா என்று அண்ணியிடம் கேட்டால், "வாசல் நிலையைப் பிடிச்சுக்கிட்டு மேலயும் கீழயும் ஆடுறாரு. பால்காரர் பார்த்துட்டு, சாமி வந்திருக்கான்னு கேட்டுட்டுப் போனாரு" என்றாள். சிகிச்சை முடிந்த ஒவ்வொரு நாளும் பாப்பா அவனைத் தன் ஸ்கூட்டரில் வீட்டில் கொண்டுபோய் விட்டாள். பின்னால் உட்கார்ந்து அவள் தோளில் கை வைத்துக்கொண்டு வந்தான். அப்படி அவன் அவளைப் பிடித்துக்கொண்டு எங்கேயும் போனது கிடையாது.

கடைசித் தடவை கட்டிலிலிருந்து இறங்கி, அவள் சொல்லாமலே நுனிக்காலில் எழும்பி நின்று காட்டினான். இறங்கினான். மறுபடி எழும்பினான்.

"எப்படி இருக்கு அண்ணா?"

"பரவாயில்லை" என்று தலையை ஆட்டினான்.

தலையை ஆட்டினான்! அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. மூக்குப் பக்கம் கையே போகவில்லை. கொஞ்சம் பொறுத்திருக்க வேண்டும், இவ்வளவு சீக்கிரம் குணம் தெரிவது வழக்கமில்லை என்று மனதின் ஓர் ஓரம் முனகியது. அதை அவள் ஓரத்திலேயே உட்கார வைத்துவிட்டாள்.

"ஏணி ஏறலாமா?"

"ஏறு. நிதானமா ஏறி இறங்கு. ஆனா ஏணியை நடத்தக் கூடாது. சத்தியம் பண்ணு."

"சின்னப் பிள்ளைன்னு நினைச்சியா?" என்று சிரித்துவிட்டுப் போனான்.

அடுத்த வாரம் மாடிப்படியில் தடதடவென்று சத்தம். அண்ணனோடு வேலை செய்கிற நெட்டை, அவனை முதுகில் தூக்கிக்கொண்டு ஏறி வந்தான். நெட்டைக்கு மூச்சு வாங்கியது. அண்ணன் முகம் பட்டி பூசிய சுவர்போல் வெளுத்திருந்தது.

"டாக்டரம்மா, கால் நல்லாயிடுச்சுன்னு அண்ணனுக்குத் தலைகால் புரியல. மேலே நின்னுக்கிட்டு, 'டேய் நெட்டை, இங்க பாரு, என் தங்கச்சி கை பட்ட கால்'னு சொல்லி ஏணியை நடத்தினாரு. நாலு எட்டு நடந்திருக்கும். பட்டுனு ஒரு சத்தம். திரும்பிப் பார்த்து என்னைத் திட்டுறாரு, எதுக்குடா பின்னாலேருந்து உதைக்கிறேன்னு. நான் அந்தக் கோடியில ஜன்னல் கம்பி தேய்ச்சுக்கிட்டு இருக்கேன். மண்டபத்துல வேற ஒரு ஈ காக்கா இல்ல."

பின்னாலிருந்து யாரோ உதைத்த மாதிரி. நாண் அறுந்தவர்கள் சொல்வது என்று அந்த வாசகத்தை அவள் படித்திருக்கிறாள், பரீட்சையில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறாள்.

அதே கட்டில். குப்புறப் படுக்க வைத்தாள். பாதங்கள் இரண்டும் கட்டிலுக்கு வெளியே தொங்கின. முதலில் இடது கெண்டைக்காலைப் பிடித்து அமுக்கினாள். பாதம் காற்றுப் பட்ட நாணல்போல் கீழே அசைந்தது. வலது கெண்டைக்காலைப் பிடித்து அமுக்கினாள். பாதம் சும்மா இருந்தது. இன்னும் அழுத்தி அமுக்கினாள். யாருடைய பாதமோ போல் அது சும்மாவே இருந்தது. புடைப்பு இருந்த இடத்தில் இப்போது விரல் உள்ளே இறங்கியது.

"பாப்பா?" என்றது ஓட்டைக்குள்ளிருந்து குரல்.

 நெட்டைதான், "வண்டி கூப்பிடட்டுமா டாக்டரம்மா?" என்று கேட்டான்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அண்ணி பையை மார்போடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அறுவை மருத்துவர் வெளியே வந்தார். களைத்த முகம், தணிந்த குரல். நாண் முழுக்க அறுந்திருக்கிறது, தைக்க வேண்டும் என்றார். பிறகு, "முன்னாடி அந்த இடத்துல ஸ்டீராய்டு ஊசி போட்டிருக்கா?" என்று கேட்டார்.

"இல்ல" என்றாள் பாப்பா. அண்ணனைப் பற்றிய கேள்வி, பதில் சொல்லும் உரிமை அவளுடையது.

"போட்டிருக்கு" என்றாள் அண்ணி.

பாப்பா திரும்பிப் பார்த்தாள்.

"உன்கிட்ட வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடி. காண்டிராக்டர் சொன்ன இடத்துக்குப் போய்ப் போட்டுக்கிட்டாரு. ரெண்டு மூணு நாள் வலியே இல்ல. அப்புறம் திரும்ப வந்துடுச்சு. அதுக்கப்புறம்தான் உன்கிட்ட வந்தாரு."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"தங்கச்சி இந்த வேலையில இருக்கும்போது வெளியில போய்ப் போட்டுக்கிட்டேன்னு தெரிஞ்சா பாப்பா மனசு கஷ்டப்படும்னாரு. அவ கேட்டா சொல்லிடுங்கன்னு சொல்லித்தான் அனுப்பினேன். நீ கேக்கலையா?"

"கேட்டேன்."

"என்ன சொன்னாரு?"

பாப்பா அந்தச் சொல்லை அப்படியே, அவன் சொன்ன மாதிரியே, திருப்பிச் சொன்னாள். சொல்லும்போதுதான் முதல் முறையாக அது அவள் காதில் விழுந்தது.

அண்ணி அவளை வெகுநேரம் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால்கூடத் தேவலை.

"நீதானே பாப்பா எனக்குச் சொல்லிக் கொடுத்தே?"

மருத்துவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "எதனால அறுந்துச்சுன்னு யாராலும் அடிச்சுச் சொல்ல முடியாதும்மா. ஊசி நாணைத் தளர்த்தியிருக்கலாம், வலியையும் மறைச்சிருக்கலாம். ஏணியும் ஒரு காரணம்" என்றார். பிறகு, "ஆனா தெரிஞ்சிருந்தா நீங்க அப்ப தொடங்கியிருக்க மாட்டீங்க இல்ல?" என்றார்.

தொடங்கியிருக்க மாட்டாள். ஊசி போட்டு ஆறு வாரம் ஆகாதவர்களைத் தேதி போட்டுத் திருப்பி அனுப்பியிருக்கிறாள். ஒருவர் சண்டை போட்டுக்கூடப் பார்த்தார். அவள் மசியவில்லை.

தையல் போட்டு, பாதம் கீழ்நோக்கிச் சரிந்திருக்கும்படி மாவுக்கட்டுப் போட்டிருந்தார்கள். அண்ணன் கண் விழித்ததும் அவளைத்தான் முதலில் பார்த்தான். அவள் முகத்தைப் பார்த்தவுடனே விஷயம் வெளிவந்துவிட்டது என்று அவனுக்குப் புரிந்துவிட்டது.

"ஏன் அண்ணா சொல்லல?"

"அதெல்லாம் பரவா..."

"சொல்லாதே!"

பக்கத்துக் கட்டில்காரர்கள் திரும்பினார்கள். பாப்பா இப்படிக் கத்தி அந்தக் குடும்பத்தில் யாரும் கேட்டதில்லை.

"அந்த வார்த்தையை இனிமே என்கிட்ட சொல்லாதே. என் முன்னால அதைச் சொல்லவே சொல்லாதே."

அவளுக்கு அவன்மேல் கோபமில்லை. கிளினிக் சுவரில் ஒட்டியிருந்த கேள்விகளை ஒழுங்காகக் கேட்காத தன்மேல் கத்த முடியாமல் அவன்மேல் கத்தினாள். அது அவனுக்கு எப்படித் தெரியும்? பாதியில் நின்ற வாயை மெதுவாக மூடிக்கொண்டான். சரி என்று தலையை ஆட்டினான்.

அண்ணி சூழலை லேசாக்கப் பார்த்தாள். "அது ஒண்ணுதான் அவருக்குத் தெரிஞ்ச வார்த்தை. அதையும் பிடுங்கிட்டா மனுஷன் எதை வெச்சுப் பேசுவாரு?"

யாரும் சிரிக்கவில்லை.

அண்ணன் வாக்கு மாறாதவன். ஏணி விஷயத்தில் அவள் சத்தியம் கேட்டதற்குச் சிரித்துவிட்டுத்தான் போனான், வாக்குக் கொடுக்கவில்லை. இதற்குத் தலையாட்டியிருந்தான். கட்டுப் பிரித்து, குதிகாலுக்கு அடியில் அட்டை வைத்த பெரிய பூட்ஸ் போட்டுக்கொண்டு அவன் மறுபடி அவளிடமே பயிற்சிக்கு வந்தபோது, அந்தச் சொல் அவன் வாயில் வரவே இல்லை. எப்படி இருக்கிறது என்று கேட்டால் எண்ணில் சொன்னான்.

"பத்துக்கு மூணு."

"இப்ப?"

"ரெண்டு."

கேட்டதற்கு மட்டும் பதில், சரியான பதில். எந்த நோயாளியும் அவளுக்கு அவ்வளவு துல்லியமாகச் சொன்னதில்லை. பாஸ் மார்க் போட்டுக்கொள் என்று சொன்ன குரலை அந்த எண்களுக்குள் தேடித் தேடிப் பார்த்தாள். ஒருநாள் பக்கத்துத் திரை அம்மாள், "இவர்தானே ஆறு மாசம்?" என்று கேட்டாள். அண்ணன் மரியாதைக்குப் புன்னகைத்தான்.

பள்ளிக்கூடம் திறந்து பிள்ளைகளும் போக ஆரம்பித்துவிட்டார்கள். கூரையை வேறு ஆள் முடித்தான். நெட்டை வந்து, "கோடு கோடா தெரியுது அண்ணே, வெளிச்சம் பட்டா பார்க்க முடியல" என்று அவன் மனம் குளிர ஒரு பொய் சொல்லிவிட்டுப் போனான். நடக்கலாம், படி ஏறலாம், ஏணி மட்டும் இனி வேண்டாம் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அண்ணன் ஒரு பெயிண்ட் கடையில் சேர்ந்தான். அட்டையைப் பார்த்து நிறம் கலந்து கொடுக்கும் வேலை. கீழே நின்று கலக்கிக் கொடு என்று காண்டிராக்டர் சொன்னதே, கடைசியில் அதுதான் நடந்தது. ஒருநாள் பாப்பா அந்தக் கடையைத் தாண்டிப் போனாள். கடைக்குள் யாரோ ஒருத்தன் மடக்கு ஏணியில் நின்று மேல் அலமாரியிலிருந்து டப்பா எடுத்துக்கொண்டிருந்தான். அண்ணன் கீழே நின்று ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தான். அவள் வண்டியை நிறுத்தாமல் போய்விட்டாள்.

பயிற்சிக்கு அவன் வரவேண்டிய கடைசி நாள். முன்னறையில் ஆள் இல்லை. ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டுக் குதிகாலை ஏற்றி இறக்கினான், அவள் கையைப் பிடித்துக்கொண்டு. வலது பக்கம் இடது அளவுக்கு எழும்பவில்லை. இனி எழும்பாது என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

"போதும் அண்ணா. இனிமே வீட்டிலேயே பண்ணு."

அவன் உட்கார்ந்து செருப்பை மாட்டி, ஊன்றுகோலை எடுத்துக்கொண்டான். மூலையில் உறை போட்ட கருவி நின்றது. அவள் அதற்கும் அவனுக்கும் நடுவில் நின்றுகொண்டாள், அது அவன் கண்ணில் பட வேண்டாம் என்பதுபோல.

"அண்ணா."

நிமிர்ந்து பார்த்தான்.

"அன்னிக்கு நான் உன்னைக் கேட்டேன். வாயால கேட்டேன், காதால கேக்கல. வெளியாள் யாராவது அப்படிச் சொல்லியிருந்தா விட்டிருக்க மாட்டேன். நீயா இருந்ததாலதான் விட்டேன். நீ ஏணி ஏறணும்னு வந்தே. உன்னை நான் நிரந்தரமா இறக்கிட்டேன். என்னை மன்னிச்சிடு அண்ணா."

அவள் பொம்மையை உடைத்தபோது, அவன் சட்டையில் மை கொட்டியபோது, அவன் சைக்கிளைத் தொலைத்துவிட்டு வந்து வாசலில் அழுதுகொண்டு நின்றபோது, ஒவ்வொரு தடவையும் அவள் வாக்கியத்தை முடிப்பதற்குள் வந்து விழுந்த சொல் ஒன்று உண்டு. அதற்காக நின்றாள். எப்படிச் சொன்னாலும் சரி. தலையை ஆட்டிச் சொன்னாலும் சரி, மூக்கைத் தேய்த்துக்கொண்டு சொன்னாலும் சரி. முன்னால் 'அதெல்லாம்' போட்டாலும் சரி.

அண்ணனின் உதடு பிரிந்தது. அவளைப் பார்த்தான். ஏதோ நினைவுக்கு வந்தவன்போல் உதடு மறுபடி ஒட்டிக்கொண்டது. அவள் அவன் தலையைப் பார்த்தாள், அது அசையவில்லை. கையைப் பார்த்தாள், இரண்டு கையும் ஊன்றுகோலின் பிடியில் இருந்தன.

"சொல்லு அண்ணா" என்று சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அவன் எழுந்துவிட்டான்.

கதவுவரை போய், திரும்பாமல், கைப்பிடிச் சுவரைத் தொட்டான். முதலில் ஊன்றுகோல், பிறகு வலது கால், பிறகு இடது கால். மாடிப்படியில் அந்தச் சத்தம் ஒவ்வொரு படியாக இறங்கி, மருந்துக்கடை வாசலில் தெருச் சத்தத்தோடு கலந்துவிட்டது.